உயிர்த்தெழுதல் இல்லையென்றால் கிறிஸ்தவத்தில் என்ன மிஞ்சும்?

கிறிஸ்துமஸை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாசலில் நட்சத்திரம், குடில், கேக், பக்கத்து வீட்டுக்குப் போகும் பலகாரத் தட்டு என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஈஸ்டருக்கு அந்த ஆரவாரம் கிடையாது. விடியற்காலை ஆராதனை, மதியம் பிரியாணி, அதோடு வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கிறிஸ்துமஸ்தான் பெரிய பண்டிகை, ஈஸ்டர் அதற்கடுத்தது. புதிய ஏற்பாட்டைத் திறந்து பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் அவர் பிறந்த கதை மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டும்தான் வருகிறது. மாற்கு அதைத் தொடவே இல்லை. யோவானிலும் பெத்லகேம் தொழுவம் கிடையாது. காலியான கல்லறையோ நான்கிலும் இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ச் சபைகளை உண்டாக்கிய அப்போஸ்தலர் பவுலின் பெயரில் புதிய ஏற்பாட்டில் 13 கடிதங்கள் உள்ளன. அவற்றில் இயேசுவின் பிறப்புக்கு ஒதுக்கப்பட்ட இடம் இரண்டொரு சொற்கள்தான். உயிர்த்தெழுதலுக்கு 58 வசனங்கள் கொண்ட ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் கடிதத்தின் 15-ம் அதிகாரம் அது. உயிர்த்தெழுதல் கிறிஸ்தவர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கிறவருக்கு நான் முதலில் காட்டுவது அந்த அதிகாரத்தைத்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பிடித்துக்கொண்டே போகிறது.

கொரிந்துவில் என்ன தகராறு?

கொரிந்து கிரேக்க நாட்டுத் துறைமுக நகரம். கி.மு. 146-ல் ரோமர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவினார். புதுப் பணம், பல ஊர்க் கப்பல்கள், பல ஊர்ச் சாமிகள் எல்லாம் சேர்ந்த இடம். கி.பி. 50-ஐ ஒட்டிப் பவுல் அங்கே ஒன்றரை வருடம் தங்கி ஒரு சபையை உண்டாக்கினார். பிறகு எபேசுவுக்குப் போய்விட்டார். சில ஆண்டுகளில் அங்கே அவருக்குச் செய்தி வந்தது. சபைக்குள் கட்சி, வழக்கு, திருவிருந்தில் பணக்காரர் முன்னால் சாப்பிட்டு ஏழை பட்டினி கிடப்பது என்று ஏகப்பட்ட புகார்கள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: "மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்று ஒன்று கிடையாது" என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் நாத்திகர்கள் அல்ல. இயேசு எழுந்தார் என்பதைக்கூட அவர்கள் ஒப்புக்கொண்டிருந்ததாகவே தோன்றுகிறது. பவுலின் வாதம் அதன்மேல்தான் நிற்கிறது. அவர்களுக்கு இடித்தது உடம்பு. கிரேக்கப் படிப்பு படித்த பலருக்கு உடம்பு என்பது ஆத்துமாவை அடைத்து வைத்த சிறை. சாவு அதிலிருந்து கிடைக்கும் விடுதலை. விடுதலையானவன் எதற்காகச் சிறைக்குத் திரும்ப வேண்டும்? ஏதென்ஸில் பவுல் பேசியபோதும் இதே கதைதான். மரித்தோர் எழுவதைப் பற்றிய பேச்சு வந்ததும் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள் என்று புதிய ஏற்பாட்டில் உள்ள அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல் சொல்கிறது.

இந்த இடத்தில் சமாதானமாகப் போக ஒரு வழி இருந்தது. "சரி, இயேசுவின் விஷயம் தனி, நம் விஷயம் தனி. ஆத்துமா பிழைத்தால் போதாதா?" என்று சொல்லிச் சிக்கலை முடித்திருக்கலாம். பவுல் அந்தப் பக்கமே போகவில்லை. மரித்தோர் எழுவது கிடையாது என்றால் கிறிஸ்துவும் எழவில்லை என்றார். பிறகு, அப்படியானால் என்னவெல்லாம் போகும் என்று ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறார்.

"கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா."

விருதா என்றால் வீண். அதற்கடுத்த வரிகள் இன்னும் கடுமை. நாங்கள் கடவுளைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் ஆவோம். நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில்தான் இருப்பீர்கள். செத்துப்போன உங்கள் ஆட்கள் போனவர்கள் போனவர்களே. இம்மைக்காக மட்டும் கிறிஸ்துவை நம்பியிருந்தால் எல்லா மனுஷரையும்விடப் பரிதபிக்கத்தக்கவர்கள் நாம்தான்.

எதை இல்லையென்று காட்டினால் தன் மதம் விழுந்துவிடும் என்று ஒருவர் தானே எழுதி, அதை அந்த மதம் தன் வேத புத்தகத்திலேயே வைத்துப் பாதுகாத்து வருகிறது. எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு. "இயேசுவின் போதனை நல்ல போதனை, அற்புதக் கதையை விட்டுவிடலாமே" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் பலர். அந்தச் சமரசத்தை முதலில் மறுத்தவர் பவுல்.

எது உயிர்த்தெழுதல் அல்ல

இந்த இடத்தில்தான் புதிதாகக் கேட்கிறவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். சாவுக்குப் பிறகு ஆத்துமா வாழ்கிறது என்பதற்கு உயிர்த்தெழுதல் என்று பெயர் இல்லை. அந்த நம்பிக்கை அன்று கிரேக்கர்களுக்கும் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஏதென்ஸில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். மறுபிறவியும் இது அல்ல. மறுபிறவியில் உடல் மாறும், பெயர் மாறும், முன்பிறவி நினைவிருக்காது. இங்கே அதே ஆள், அதே உடல், கைகளில் அதே ஆணித் தழும்பு. ஒரே தடவை, சுழற்சி கிடையாது. "அவர் நம் மனங்களில் வாழ்கிறார்" என்று இரங்கல் கூட்டங்களில் சொல்வோமே, அதுவும் அல்ல.

செத்தவர் பிழைத்து வருவதும் அல்ல என்பதுதான் கொஞ்சம் நுணுக்கமானது. லாசருவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் கல்லறையில் கிடந்தவனை இயேசு கூப்பிட, அவன் வெளியே வருகிறான். எப்படி வருகிறான்? கை கால்கள் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டு, முகம் துணியால் சுற்றப்பட்டு. கட்டை அவிழ்த்துவிட ஆள் வேண்டியிருக்கிறது. அவனைக் கொன்றுபோட ஆலோசனை நடந்ததாகவும் யோவான் அடுத்த அதிகாரத்திலேயே எழுதுகிறார். அதாவது அவன் திரும்பி வந்தது பழைய உயிருக்கு. அது மறுபடி ஒருநாள் போகும்.

அதே யோவான், இயேசுவின் கல்லறையை வேறு மாதிரி எழுதுகிறார். பேதுரு உள்ளே நுழைந்து பார்க்கும்போது சீலைகள் அங்கேயே கிடக்கின்றன. தலையில் சுற்றியிருந்த துணி மட்டும் தனியாக ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் அவிழ்த்துவிட வேண்டியிருக்கவில்லை. எழுந்தவர் சாவின் சாமான்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பழைய உயிருக்குத் திரும்புவது வேறு, சாவைக் கடந்து மறுபக்கம் போவது வேறு. இரண்டாவதைத்தான் கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுதல் என்கிறார்கள்.

அந்த உடல் எப்படிப்பட்டது என்பதைச் சுவிசேஷங்கள் ஒரு சீராகச் சொல்வதில்லை. அவர் பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். எம்மாவு என்ற ஊருக்குப் போன சீடர்கள் இரண்டு பேர் வழிநெடுகப் பேசிக்கொண்டே நடந்தும் அடையாளம் தெரியவில்லை. அதே சமயம், ஆவியைப் பார்க்கிறோம் என்று பயந்தவர்களிடம் "சாப்பிட ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு, பொரித்த மீன் துண்டை வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார். லூக்கா இந்த மீனை விடாமல் எழுதியதற்குக் காரணம் உண்டு. ஆவி மீன் சாப்பிடாது.

சிலுவை என்ன ஆகியிருக்கும்?

இன்று சிலுவையைத் தங்கத்தில் செய்து கழுத்தில் போட்டுக்கொள்கிறோம். முதல் நூற்றாண்டில் அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோம அரசு கொடுத்த தண்டனை. நிர்வாணமாக, ஊர் பார்க்க, மெதுவாகச் சாகவைக்கும் முறை. யூதர்களுக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. மரத்தில் தூக்கப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்று பழைய ஏற்பாட்டின் உபாகமம் சொல்கிறது. மேசியா, அதாவது கடவுள் அனுப்பும் மீட்பர் என்று ஒருவரை நம்பி, அவரும் சிலுவையில் செத்துவிட்டால், "நாம் ஏமாந்துவிட்டோம்" என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர முடியாது.

அந்தக் காலத்தில் மேசியா என்று எழும்பியவர்களும் புரட்சிக்குக் கிளம்பியவர்களும் ஒருவர் இருவர் அல்ல. தெயுதாஸ், கலிலேயனாகிய யூதாஸ் என்ற இரண்டு பேரை அப்போஸ்தலர் நடபடிகளில் கமாலியேல் என்ற யூதப் போதகர் குறிப்பிடுகிறார். ஆள் செத்தான், கூட்டம் சிதறியது, கதை முடிந்தது என்கிறார். பின்னால் கி.பி. 132-ல் சீமோன் பார் கோக்பா ரோமுக்கு எதிராக எழும்பி, மூன்று ஆண்டுகள் தனி அரசே நடத்தினார். அவர் வெளியிட்ட நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன. 135-ல் அவர் கொல்லப்பட்டார். அதோடு அவரை மேசியா என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

எம்மாவு வழியில் கிலெயோப்பாவும் கூட வந்தவரும் பேசியது இதே தோற்றவர்களின் பேச்சுத்தான். "அவரே இஸ்ரவேலை மீட்டிரட்சிப்பவரென்று நம்பியிருந்தோம்" என்கிறார்கள். எருசலேமை விட்டுக் கிளம்பிவிட்டவர்கள் அவர்கள்.

இயேசுவின் கூட்டம் மட்டும் ஏன் கலையவில்லை? தலைவர் போனால் தம்பியை வைத்து இயக்கத்தை நடத்துவது உலக வழக்கம். யாக்கோபு என்ற சகோதரர் இருக்கத்தான் செய்தார். எருசலேம் சபைக்கு அவர்தான் பல வருடம் தலைமை தாங்கினார். 62-ம் ஆண்டில் அவர் கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸும் பதிவு செய்கிறார். ஆனாலும் யாக்கோபை மேசியா என்று ஒருவரும் சொல்லவில்லை. செத்துப்போன அண்ணன்தான் மேசியா என்று அந்தத் தம்பியும் சேர்ந்து சொன்னார். இயேசு உயிரோடிருந்த காலத்தில் அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் எழுதியிருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் கிறிஸ்தவர்கள் இதை ஒரு வழக்காகப் பார்த்தார்கள். யூத ஆலோசனைச் சங்கம் இயேசுவைக் குற்றவாளி என்றது, ரோம ஆளுநர் பிலாத்து தண்டனையை நிறைவேற்றினான். கடவுள் அவரை எழுப்பியதன் மூலம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்துவிட்டார். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு செய்த முதல் பிரசங்கத்தின் சாரம் இதுதான்: நீங்கள் சிலுவையில் அறைந்தீர்கள், தேவன் எழுப்பினார். இப்படிப் பார்த்த பிறகுதான் சிலுவைக்கே அர்த்தம் மாறியது. குற்றமில்லாத ஒருவர் சாபத்தை ஏற்றார் என்றால் அது யாருக்காக என்ற கேள்வி எழுகிறது. "நம்முடைய பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டார், நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக எழுப்பப்பட்டார்" என்று பவுல் ரோமருக்கு எழுதியது அதற்கான பதில். பெரிய வெள்ளி தனியாக நின்றால் அது ஒரு நல்லவருக்கு நேர்ந்த அநியாயச் சாவு மட்டுமே. அப்படிச் செத்த நல்லவர்கள் உலகத்தில் நிறைய.

செத்தவர்களின் விஷயம்

நம் ஊரில் கிறிஸ்தவர் வீட்டுத் துக்க அறிவிப்புகளில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போட்டிருப்பார்கள். அது பவுல் இந்த அதிகாரத்தில் எழுதியிருக்கும் பேச்சுத்தான். தூங்குகிறவர் எழுந்திருப்பார் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. தென் மாவட்டங்களில் ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. பண்டிகை நாளில் சுடுகாட்டுப் பக்கம் போவதா என்று மற்றவர்களுக்கு வியப்பாக இருக்கும். உயிர்த்தெழுதலைக் கொண்டாட அவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பதை அதை வெறுத்தவர்களிடமிருந்தும் தெரிந்துகொள்ளலாம். 177-ம் ஆண்டு, இன்றைய பிரான்ஸில் உள்ள லியோன் நகரில் கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். நடந்ததை அங்கே தப்பியவர்கள் சின்ன ஆசியாவிலிருந்த சபைகளுக்குக் கடிதமாக எழுதினார்கள். யூசிபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் அதை எடுத்துச் சேர்த்திருக்கிறார். கொன்றதோடு விடவில்லை. உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு, பிறகு எரித்து, சாம்பலை ரோன் நதியில் கரைத்துவிட்டார்கள். "உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கையில்தானே இவர்கள் சாவுக்குப் பயப்படாமல் இருந்தார்கள்? இனி எழுந்து வரட்டும் பார்க்கலாம்" என்பது அவர்கள் கணக்கு. கொலைகாரர்களுக்கு உபதேசம் சரியாகவே புரிந்திருக்கிறது. சாம்பலிலிருந்து கடவுளால் எழுப்ப முடியாது என்று நினைத்ததுதான் அவர்களுக்குப் பிசகிய இடம் என்பது அன்றைய கிறிஸ்தவர்களின் பதில். (எரிப்பதா புதைப்பதா என்ற தயக்கம் அப்படியும் நெடுங்காலம் இருந்தது. தகனத்துக்கு இருந்த தடையைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல்தான் தளர்த்தியது.)

கொள்ளைநோய்க் காலத்துக் கதை ஒன்றும் உண்டு. 3-ம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்திரியாவில் நோய் பரவியபோது அங்கே ஆயராக இருந்தவர் தியொனீசியுஸ். அவர் எழுதிய ஈஸ்டர் கடிதம் ஒன்றின் பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் நோயின் முதல் அறிகுறி தெரிந்ததுமே சொந்தக்காரர்களைத் தெருவில் தள்ளிவிட்டு ஓடினார்கள். நம்மவர்களில் பலர் நோயாளிகளோடு தங்கி, பணிவிடை செய்து, கண்ணை மூடி, குளிப்பாட்டி, அதே நோயில் தாங்களும் போனார்கள் என்று எழுதுகிறார். தன் ஆட்களைப் பற்றித் தானே எழுதுவது, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனால் கிறிஸ்தவத்தை ஒழிக்க நினைத்த ரோமப் பேரரசர் ஜூலியனும் 362-ல் எழுதிய ஒரு கடிதத்தில், இந்தக் கூட்டம் வளர்வதற்கு அந்நியரிடம் காட்டும் பரிவும் செத்தவர்களின் கல்லறைமேல் வைக்கும் அக்கறையும் காரணம் என்று எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறார். பவுல் சொன்னதன் மறுபக்கம் இது. மரித்தோர் எழுவதில்லை என்றால் "புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம்" என்பதுதான் நியாயம் என்று அவர் எழுதியிருந்தார்.

இதை எப்படி நம்புவது?

ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்து காட்டுகிற விஷயம் அல்ல இது. சாட்சிகளின் பேச்சுத்தான் இருக்கிறது. பவுல் ஒரு பட்டியல் தருகிறார். கேபா என்கிற பேதுரு, பன்னிருவர், ஒரே சமயத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், யாக்கோபு, எல்லா அப்போஸ்தலர்கள், கடைசியாகத் தானும். ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள், சிலர் மட்டும் இறந்துவிட்டார்கள் என்று சேர்த்துக்கொள்கிறார். வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. இந்தப் பட்டியல் தனக்குச் சொல்லப்பட்டது, தானாக உண்டாக்கியது அல்ல என்கிறார். கடிதம் எழுதப்பட்டது 50-களின் நடுவில். பட்டியல் அதைவிடப் பழையது, சிலுவைச் சம்பவத்துக்குச் சில ஆண்டுகளுக்குள்ளேயே உருவானது என்று விசுவாசிகள் அல்லாத ஆய்வாளர்கள் பலரும் ஏற்கிறார்கள். ஆகவே நூற்றாண்டுகள் கழிந்து பெருகிவந்த புராணம் என்ற விளக்கம் இதற்குப் பொருந்தவில்லை.

சுவிசேஷங்களில் இன்னொரு விசித்திரம் உண்டு. காலிக் கல்லறையை முதலில் பார்ப்பவர்கள் பெண்கள். நான்கிலும் மகதலேனா மரியாளின் பெயர் வருகிறது. பெண்களின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று ஜொசிஃபஸ் எழுதிய காலம் அது. அப்போஸ்தலர்களே அதை நம்பவில்லை. பெண்கள் ஓடிவந்து சொன்னது அவர்களுக்கு "வீண்பேச்சாக" தோன்றியது என்கிறார் லூக்கா. 2-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய செல்சஸ், யாரோ பித்துப் பிடித்த பெண் கண்டதாகச் சொன்னதை நம்புகிறீர்களே என்று கேலி செய்தார். கதை கட்டுகிறவர்கள் எடுபடாத சாட்சியை முன்னால் நிறுத்த மாட்டார்கள் என்ற வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது.

இடறும் இடங்களையும் மறைக்க வேண்டியதில்லை. கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அங்கே இருந்தது ஒரு தூதனா இரண்டு பேரா என்பதில் சுவிசேஷங்கள் ஒத்துப்போவதில்லை. மாற்கின் மிகப் பழைய முழுப் பிரதிகளான 4-ம் நூற்றாண்டுச் சுவடிகள் இரண்டிலும் கதை 16-ம் அதிகாரம் 8-ம் வசனத்தோடு நிற்கிறது. பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போனார்கள் என்பதே கடைசி வரி. உடலைச் சீடர்கள் திருடிவிட்டார்கள் என்ற பேச்சு அன்றே இருந்தது. மத்தேயுவே அதைக் குறிப்பிட்டு மறுக்கிறார். துக்கத்தில் கண்ட காட்சி என்பது இன்று பலர் சொல்லும் விளக்கம். காட்சி என்றால் யாக்கோபுக்கும், சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்த பவுலுக்கும் ஏன் வந்தது என்பது அதற்கு எதிரான கேள்வி. எழுந்தவரைப் பார்த்தோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள், அந்த நம்பிக்கைக்காக அடிபட்டார்கள் என்பதுவரை வரலாறு கூடவே வரும். அதற்கப்பால் கடவுள் என்ற ஒருவர் இருக்கிறாரா, அவர் இப்படியெல்லாம் செய்வாரா என்று நாம் முன்கூட்டியே எடுத்துவைத்திருக்கும் முடிவுதான் தீர்மானிக்கிறது.

சந்தேகம் கேட்பதற்கும் வேதத்திலேயே இடம் உண்டு. தோமா என்ற சீடர், ஆணித் தழும்பில் விரலை விட்டுப் பார்த்தாலொழிய நம்ப மாட்டேன் என்றார். அவர் வெளியே தள்ளப்படவில்லை. எட்டு நாள் கழித்து அவருக்காகவே ஒரு தரிசனம் கிடைத்தது. "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற பெரிய அறிக்கை கடைசியில் சந்தேகப்பட்டவர் வாயிலிருந்துதான் வருகிறது. அந்தத் தோமாதான் நம் மயிலாப்பூர்வரை வந்து, பரங்கிமலையில் குத்துப்பட்டு இறந்தார் என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை.

ஒருவரோடு முடியாத கதை

இயேசு எழுந்தார், நல்லது. அது அவருக்குக் கிடைத்த வெற்றி. அதனால் மற்றவர்களுக்கு என்ன? இதற்குப் பவுல் எடுக்கும் உவமை விவசாயிகளுடையது. கிறிஸ்து "நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்" என்கிறார். யூத வழக்கப்படி அறுவடையின் முதல் கதிர்க்கட்டைக் கொண்டுபோய் ஆலயத்தில் ஆசாரியனிடம் கொடுப்பார்கள். முதல் கட்டு வந்துவிட்டது என்றால் வயல் விளைந்துவிட்டது, மீதி பின்னால் வரும் என்று அர்த்தம். ஈஸ்டர் அந்த முதல் கட்டு. மற்றவர்களின் எழும்புதல் கிறிஸ்து திரும்ப வரும்போது. ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "மூன்றாம் நாள்" பற்றிய வரி நடுவில் வந்தும், கடைசியில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று மறுபடி ஒரு வரி வருவது இதனால்தான். முதல் வரி அவரைப் பற்றியது, இரண்டாவது நம்மைப் பற்றியது.

இதைப் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்குத் திருச்சபைகளின் ஈஸ்டர் சித்திரத்தைப் பார்க்க வேண்டும். மேற்கத்திய ஓவியங்களில் இயேசு கொடியோடு கல்லறையிலிருந்து தனியாக எழுந்து நிற்பார், காவலர்கள் கீழே விழுந்து கிடப்பார்கள். சுவிசேஷங்களோ அந்தக் கணத்தை வர்ணிக்கவே இல்லை. கிழக்கத்தியர் வேறு காட்சியைத் தீட்டினார்கள். இஸ்தான்புல்லில் கோரா என்ற பழைய ஆலயத்தில் 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த சுவரோவியம் ஒன்று இருக்கிறது. வெள்ளை உடையில் இயேசு பாதாளத்தில் நிற்கிறார். காலடியில் உடைந்த கதவுகள், சுற்றிலும் சிதறிய பூட்டுகளும் சாவிகளும். ஒரு பக்கம் ஆதாம், மறுபக்கம் ஏவாள். இருவரையும் கல்லறைப் பெட்டிகளிலிருந்து வெளியே இழுக்கிறார். கூர்ந்து பார்த்தால் அவர் அவர்கள் உள்ளங்கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். எழுகிறவர்களுக்குச் சொந்தப் பிடிமானம் இல்லை, இழுப்பது முழுக்க அவர் வேலை. ஒரு பிரசங்கத்தில் சொல்ல வேண்டியதை ஓவியர் ஒரு கைப்பிடியில் சொல்லிவிட்டார்.

ஞானஸ்நானமும் இதே கதையைத் தண்ணீரில் நடத்திக் காட்டுவதுதான். முழுகுவது அடக்கம், எழும்புவது உயிர்ப்பு. 4-ம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயராக இருந்த சிரிலின் பெயரில் உள்ள போதனைகள், ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் பேசியவை. மூன்று தரம் முழுகி எழுந்தீர்களே, அது கிறிஸ்து பூமிக்குள் இருந்த மூன்று நாட்கள் என்கிறார். அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே கல்லறை இருந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டி, 335-ல் பிரதிஷ்டை செய்த ஆலய வளாகம் அது. மேற்கில் அதைத் திருக்கல்லறை ஆலயம் என்பார்கள், கிழக்கத்தியருக்கு அது உயிர்ப்பின் ஆலயம். இன்றும் ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, குனிந்து உள்ளே போய், வெறும் கல்லைத் தொட்டுவிட்டு வருகிறார்கள்.

எல்லாவற்றிலும் சாதாரணமாகிப்போன அடையாளம் ஞாயிற்றுக்கிழமை. முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள். அவர்களுக்குப் புனித நாள் சனி. நூற்றாண்டுக்கணக்கான அந்தப் பழக்கத்தைத் தாண்டி, வாரத்தின் முதல் நாளில் கூட ஆரம்பித்தார்கள். கல்லறை காலியாகக் கிடந்த நாள் அது. 321-ல்தான் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வு நாள் ஆக்கினார். அதற்கு முன் சுமார் முந்நூறு வருடம் அது வேலை நாள். விடியுமுன் கூடி ஜெபித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் அவர்கள்.

கொரிந்துக் கடிதத்துக்கே திரும்பினால், 15-ம் அதிகாரத்தின் முடிவில் பவுல் உச்சத்துக்குப் போகிறார். கடைசி எக்காளம் தொனிக்கிறது, "மரணமே! உன் கூர் எங்கே?" என்று சாவையே நேருக்கு நேர் கேட்கிறார். கடைசி வசனத்தில், ஆகையால் கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் வீணாகாது, உறுதியாக இருங்கள் என்கிறார். விருதா என்று தொடங்கிய வாதத்துக்குப் பதில் அங்கே வந்துவிடுகிறது. அடுத்த வசனம் காணிக்கை வசூல். எருசலேமில் கஷ்டப்படுகிற விசுவாசிகளுக்கு உதவிப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் அவரவர் வரவுக்குத் தக்கபடி வாரத்தின் முதல் நாள்தோறும் ஏதாவது எடுத்துவையுங்கள், நான் வந்த பிறகு வசூலுக்கு அலைய வேண்டாம் என்று எழுதுகிறார்.